புதுப் படத்தில் பழைய பாட்டு: கம்ப்யூட்டரில் கேட்டுப் பழகுவது எப்படி?

கடிதம் டைப் செய்யலாம், வீட்டுக் கணக்கு எழுதலாம், பிள்ளைகள் படிக்கலாம் என்று பல காரணங்களைச் சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். ஆனால் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மாலை ஆனதும் குடும்பமே திரை முன் உட்கார்ந்து சினிமா பார்க்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. பிடித்த வேலையைச் செய்யும்போதுதான் கீபோர்டும் மவுசும் சீக்கிரம் கைக்கு வரும்.

ஆனால் டிவியில் பார்ப்பது போலவே கம்ப்யூட்டரிலும் பார்த்துவிட்டு எழுந்து போனால், கம்ப்யூட்டர் தரும் ஒரு வசதி வீணாகப் போகிறது. நினைத்த இடத்தில் படத்தை நிறுத்தலாம். பத்து விநாடி பின்னால் போகலாம். படத்தை ஓட விட்டு ஒலியை மட்டும் அணைக்கலாம். ஒரு காலத்தில் எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த வசதி இது. இன்று உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

இந்த வசதியை வைத்துக்கொண்டு இந்த மாதம் சினிமா இசையைக் கவனித்துக் கேட்கப் பழகுவோம். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். சமீப ஆண்டுகளில் வந்த பல படங்களில் 1980களிலும் 1990களிலும் வந்த பாட்டு திடீரென ஒலிக்கிறது. தியேட்டரே ஆர்ப்பரிக்கிறது. சிலருக்குக் கண் கலங்குகிறது. ஏன்?

'பழைய பாட்டு என்றாலே தனிச் சுகம்' என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. அதே பாட்டு தினமும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒலிக்கிறது. அங்கே யாரும் கண் கலங்குவதில்லை. படத்தில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, அதற்கு முன் நம்மை எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், அது யார் காதில் விழுகிறது என்ற மூன்றும்தான் காரணம் என்பது என் கருத்து. நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒலியைச் சரி செய்யுங்கள்

சோதனைக்கு முன் ஒலி சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 'படத்தில் பேச்சு கேட்கவே இல்லை, இசை மட்டும் காதைப் பிளக்கிறது' என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார். இதற்குப் பெரும்பாலும் ஸ்பீக்கர் காரணமாக இருக்காது.

தியேட்டருக்காகத் தயாராகும் படங்களில் ஒலியைப் பல தடங்களாகப் பிரித்து வைக்கிறார்கள். வீட்டு அளவில் இதன் பிரபலமான வடிவம் 5.1. அதாவது முன்னால் இடது, வலது, நடு என மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, கனத்த ஒலிக்கு மட்டும் தனியாக ஒன்று. இதில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசை இரு பக்கமும் பரவும். உங்களிடம் இரண்டே ஸ்பீக்கர் இருக்கும்போது கம்ப்யூட்டர் 5.1 என்று நினைத்துக்கொண்டிருந்தால், பேச்சு இல்லாத நடு ஸ்பீக்கரைத் தேடிக் காணாமல் போய்விடும்.

சரி செய்வது எளிது. வின்டோஸில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'சவுண்டு' பகுதிக்குச் செல்லுங்கள். 'பிளேபேக்' என்ற தாவலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயர் இருக்கும். அதை ஒரு முறை கிளிக் செய்து, கீழே உள்ள 'கான்ஃபிகர்' பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'ஸ்டீரியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'டெஸ்ட்' பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் முதலில் இடது ஸ்பீக்கரிலும் பிறகு வலது ஸ்பீக்கரிலும் ஒலி வர வேண்டும். மாறி வந்தால் ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வையுங்கள். ஒன்றில் வரவே இல்லை என்றால் ஒயரைச் சரி பாருங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பில் உள்ள சிறிய ஸ்பீக்கர்களால் தபேலா, டிரம்ஸ், பேஸ் கிதார் போன்றவற்றின் கனத்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. இசையைக் கவனிக்க வேண்டும் என்றால் சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

நான்கு கீகள் போதும்

இன்று படங்களைப் பெரும்பாலும் பிரவுசரில்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு தளத்துக்கும் சிறு வேறுபாடு இருந்தாலும், கீழ்க்கண்ட கீகள் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும்.

ஸ்பேஸ் பார்: படத்தை நிறுத்தவும் மீண்டும் ஓட்டவும்.

இடது அம்புக்குறி: சில விநாடிகள் பின்னால் போக. பல ஓ.டி.டி. தளங்களில் 10 விநாடி. யூடியூபில் 5 விநாடி. யூடியூபில் 10 விநாடி பின்னால் போக வேண்டுமானால் ஜே என்ற எழுத்தை அழுத்துங்கள்.

எம்: ஒலியை அணைக்கவும் மீண்டும் கொண்டு வரவும்.

எஃப்: படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்க.

டிஸ்க்கில் இருந்தோ பென் டிரைவில் இருந்தோ படம் பார்ப்பவர்கள் வி.எல்.சி. மீடியா பிளேயரை நிறுவிக்கொள்ளுங்கள். இது இலவசம். பிரான்சில் 1996-ல் மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய சாப்ட்வேர் இது. இதில் ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 விநாடி பின்னால் போகும். ஆல்ட் கீயுடன் அழுத்தினால் 10 விநாடி. கன்ட்ரோல் கீயுடன் அழுத்தினால் ஒரு நிமிடம். மெனுவில் 'வியூ' பகுதிக்குச் சென்று 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதைக் கிளிக் செய்தால், ஒரு காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டு அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் பட்டனும் கிடைக்கும்.

இனி படங்களுக்குப் போவோம். பாட்டு ஒலிக்கும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது? இதற்கு மூன்று விதமான பதில்கள் உண்டு. மூன்றுக்கும் ஒவ்வொரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை: பாத்திரமே பாடுவது

2018-ல் வந்த '96' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பிரேம்குமார் இயக்கம், கோவிந்த் வசந்தா இசை. ஜானு பள்ளியில் நன்றாகப் பாடும் பெண். பாடகி எஸ்.ஜானகியின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறார்கள். அவளை விரும்பும் ராம் ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறான். 'தளபதி' படத்தில் வரும் யமுனைப் பாட்டு. அவளோ வேண்டுமென்றே வேறு பாட்டுகளைப் பாடுகிறாள். இருவரும் பிரிந்து, 20 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஓர் இரவு சந்திக்கிறார்கள். மின்சாரம் போய் வீடு இருட்டான நேரத்தில், யாரும் கேட்காமலே, ஜானு அந்தப் பாட்டைப் பாடத் தொடங்குகிறாள். திரிஷாவுக்காகப் பாடியவர் சின்மயி.

இங்கே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள். அந்தக் காட்சியை முதலில் ஒலியோடு பாருங்கள். பிறகு பின்னால் வந்து, எம் கீயை அழுத்தி ஒலி இல்லாமல் பாருங்கள். இருட்டு, அவசரமாக ஓடி வரும் ஒரு மனிதன், ஒரு பெண்ணின் முகம். அவ்வளவுதான். பெரிய செட் இல்லை, நடனம் இல்லை. மூன்றாவது முறை ஒலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆரவாரமான வாத்தியக் கூட்டம் இல்லை. குரல்தான் இருக்கிறது.

அந்தக் காட்சியின் பலம் முழுவதும் அதற்கு முன் நடந்தவற்றில் இருக்கிறது. பள்ளிக் காட்சிகளுக்குப் பின்னால் சென்று, அவன் கேட்கும் இடங்களையும் அவள் தவிர்க்கும் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். ராமோடு சேர்த்து நம்மையும் அந்தப் பாட்டுக்காகக் காக்க வைத்திருக்கிறார்கள் என்பது புரியும். ராதை கண்ணனுக்காகக் காத்திருக்கும் பாட்டு அது என்பதை நினைத்துப் பாருங்கள். பாட்டின் பொருளும் கதையின் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாம் வகை: காட்சிக்குள் ஒலிப்பெருக்கியில் வருவது

2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' படத்தின் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து. இசை ஷான் ரோல்டன். ஊர் மைதானத்தில் ரப்பர் பந்தில் ஆடும் கிரிக்கெட்தான் கதைக்களம். தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரம் நடுவயதுக்காரர், விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையோடு களம் இறங்கினால், 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் பாட்டு மைதானத்தில் ஒலிக்கும். இளையராஜா இசையில் விஜயகாந்தைக் கொண்டாடிய பாட்டு அது.

இந்தப் பாட்டு நமக்கு மட்டும் கேட்கவில்லை. மைதானத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கிறது. பந்து வீசக் காத்திருப்பவருக்குக் கேட்கிறது. வேடிக்கை பார்க்கும் பையன்களுக்குக் கேட்கிறது. ஆகவே பாட்டு தொடங்கியதும் படத்தை நிறுத்தி, பாடலைக் கேட்பவர்களின் முகங்களைப் பாருங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தால், யார் மகிழ்கிறார்கள், யார் எரிச்சல் அடைகிறார்கள் என்று தெரியும். 'இவர் பெரிய ஆட்டக்காரர்' என்று வசனம் எழுதத் தேவையே இல்லை. பாட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. விஜயகாந்த் மறைந்தது 2023 டிசம்பர் 28. படம் வந்தபோது 9 மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திரையில் ஊர்க்காரர்கள் ஓர் ஆட்டக்காரருக்காக ஆர்ப்பரிக்கிறார்கள். தியேட்டரில் இருந்தவர்கள் விஜயகாந்துக்காகவும் சேர்த்து ஆர்ப்பரித்தார்கள். ஒரே பாட்டு இரண்டு பேருக்கான மரியாதையாக ஆனது.

மூன்றாம் வகை: நமக்கு மட்டும் கேட்பது

2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம். சிதம்பரம் இயக்கியது, இசை சுஷின் ஷியாம். மொழிமாற்றம் செய்யப்படாமலே தமிழ்நாட்டில் வெற்றிகரமாக ஓடியது. கொச்சி அருகே உள்ள மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பகுதியில் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறார். இன்னொருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்கிறார். 2006-ல் உண்மையாக நடந்த சம்பவம் இது.

'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட அந்தக் குகைக்கு, 1991-ல் கமல்ஹாசன் நடித்த 'குணா' அங்கே படமாக்கப்பட்டதால்தான் இந்தப் பெயர் வந்தது. அந்தப் படத்தின் கடிதப் பாட்டு 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தின் தொடக்கத்தில் ஒரு முறை வருகிறது. பிறகு குழிக்குள் இருந்து நண்பர்கள் மேலே வந்து சேரும் உச்சக் காட்சியில் மீண்டும் வருகிறது.

குகை வாசலில் நிற்பவர்களுக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை. அங்கே ரேடியோ இல்லை, ஒலிப்பெருக்கி இல்லை. நமக்கு மட்டும்தான் கேட்கிறது. ஆகவே இந்தக் காட்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பாட்டுக்கு முந்தைய சில நிமிடங்களை. இடது அம்புக்குறியைப் பல முறை அழுத்திப் பின்னால் போங்கள். ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். கயிறு உரசும் ஒலி, மூச்சு வாங்கும் ஒலி, கத்தும் குரல்கள். இந்தப் பதற்றத்தில் நாம் இருக்கும்போது பாட்டு வந்து விழுகிறது. இழுத்துப் பிடித்த மூச்சை நாமும் அந்த இடத்தில்தான் விடுகிறோம்.

'குணா' படத்தில் அது மனநலம் குன்றிய ஒருவன் தன் காதலிக்குச் சொல்லும் கடிதம். இங்கே காதலி இல்லை. நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்து இறங்கியவன் இருக்கிறான். ஒரு சொல்கூட மாறாமல், காதல் கடிதம் நட்பின் கடிதமாக மாறிவிட்டது. பாட்டை மாற்றவில்லை, வைத்த இடத்தைத்தான் மாற்றினார்கள். மேலே நான் சொன்ன கருத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரே தீபாவளி, இரண்டு பாட்டு

மேலே பார்த்த இரண்டு பாடல்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. 'தளபதி', 'குணா' இரண்டும் 1991 நவம்பர் 5, தீபாவளி அன்று ஒரே நாளில் வெளியானவை. இரண்டுக்கும் இசை இளையராஜா. யமுனைப் பாட்டையும் கடிதப் பாட்டையும் எழுதியவர் வாலி. அன்று இரண்டு தியேட்டர் வாசலில் போட்டியாக நின்ற இரண்டு ரசிகர் கூட்டத்தின் பாட்டுகள், கால் நூற்றாண்டு தாண்டிய பிறகு இரண்டு புதிய படங்களைத் தாங்கி நிற்கின்றன.

என் அண்ணன் மகளிடம் கடிதப் பாட்டைப் போட்டுக் காட்டி, இது எந்தப் படம் என்று கேட்டேன். தயங்காமல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்றாள். அவள் பிறப்பதற்கு முன் வந்த படத்தின் பெயர் அவளுக்குத் தெரியாததில் வியப்பில்லை. ஆனால் இதைக் கவனிக்காமல் விட்டால், பாட்டு மட்டும் வாழும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் காணாமல் போய்விடும். செல்போனில் 30 விநாடித் துண்டாகச் சுற்றும் பாட்டுகளுக்கு இந்தக் கதிதான் நேர்கிறது.

பெயரைத் தேடுவது எப்படி?

இதற்கும் கம்ப்யூட்டர்தான் மருந்து. தேடுபொறியில் தமிழிலேயே டைப் செய்து தேடலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தமிழ் சினிமாவில் ஒரே பெயரில் பல படங்கள் உண்டு.

லோகேஷ் கனகராஜ் இயக்கிய படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த 'கைதி' படத்துக்கென்று தனியாகப் பாடல்கள் கிடையாது. ஆனால் அதில் 'மறுபடியும்' (1993), 'என் சுவாசக் காற்றே' (1999) படங்களின் பாடல்கள் ஒலிக்கின்றன. முன்னது இளையராஜா, பின்னது ஏ.ஆர்.ரகுமான். 2022-ல் வந்த 'விக்ரம்' படத்தில் 'அசுரன்' படத்தின் பாட்டு வருகிறது. 2023-ல் வந்த 'லியோ' மூலம், தேவா இசையமைத்த 'ஏழையின் சிரிப்பில்' (2000) படத்தின் துள்ளல் பாட்டு மீண்டும் பிரபலமானது.

இப்போது 'அசுரன்' என்று மட்டும் தேடிப் பாருங்கள். 2019-ல் தனுஷ் நடித்த 'அசுரன்' வந்து நிற்கும். நமக்கு வேண்டியது ஆதித்யன் இசையில் 1995-ல் வந்த 'அசுரன்'. 'விக்ரம்' என்று தேடினாலும் இதே சிக்கல். 1986-ல் ஒரு 'விக்ரம்', 2022-ல் ஒரு 'விக்ரம்', இரண்டிலும் கமல்ஹாசன்! ஆகவே படப் பெயரோடு ஆண்டையும் சேர்த்து டைப் செய்யுங்கள். 'அசுரன் 1995 பாடல்கள்' என்று கொடுத்தால் நேராக வரும். படத்தின் பெயரே தெரியாவிட்டால், நினைவில் உள்ள நான்கைந்து சொற்களை மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்துத் தேடுங்கள். அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் முதலில் வரும்.

கிடைத்த விவரங்களை ஒரு எக்ஸெல் பைலில் எழுதி வையுங்கள். புதிய படம், பழைய படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், பாடியவர் என ஆறு பத்திகள் போதும். எக்ஸெல் பழகிய மாதிரியும் ஆயிற்று.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

பழைய பாட்டைப் படத்தில் வைப்பது சும்மா நடப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டுக்குள் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு ஒன்று. வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்.

கடிதப் பாட்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒலிப்பதிவு 1991-ல் வெளியானது. ஆகவே 2051 முடியும் வரை உரிமை இருக்கும். வாலி 2013-ல் மறைந்தார். அவர் வரிகளுக்கு 2073 முடியும் வரை. இந்த உரிமைகள் ஒருவரிடமே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இசை நிறுவனங்களின் கையில் இருக்கும். 2012-ல் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியில் உள்ள பங்கை உறுதி செய்தது.

பிரச்சினை இங்குதான் தொடங்குகிறது. 2024 மே மாதம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிய இசை நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாக அவர்கள் கூறினார்கள். 2025-ல் வந்த 'குட் பேட் அக்லி' படத்தில் தன் மூன்று பாடல்களைப் பயன்படுத்தியதற்காகவும் இளையராஜா சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு படத்தின் உச்சக் காட்சியையே தூக்கி நிறுத்தும் அளவுக்கு ஒரு பாட்டுக்குப் பலம் இருக்கிறது என்றால், அதை உருவாக்கியவர் 'என்னைக் கேட்டீர்களா?' என்று கேட்பதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

உங்கள் வீட்டு வீடியோவுக்கும் இது பொருந்தும்

'இது சினிமாக்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன?' என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் வந்ததும் நாம் ஆசையாகச் செய்யும் வேலைகளில் ஒன்று, கல்யாண வீடியோவுக்கும் குழந்தையின் பிறந்தநாள் வீடியோவுக்கும் சினிமாப் பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றுவது. ஏற்றிய சிறிது நேரத்தில் 'பதிப்புரிமைக் கோரிக்கை' என்று செய்தி வரும். சில சமயம் ஒலி அணைந்துவிடும். சில சமயம் வீடியோவே யாருக்கும் தெரியாமல் போகும்.

இதைக் கண்டுபிடிப்பது மனிதர்கள் அல்ல. 2007 முதல் யூடியூபில் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர்கள் தங்கள் பாடல்களை அதனிடம் கொடுத்து வைப்பார்கள். அது ஒவ்வொரு பாட்டுக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் எடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் வீடியோ ஏற்றும்போது அதிலுள்ள ஒலியை இந்த அடையாளங்களோடு ஒப்பிடும். பொருந்தினால் உரிமையாளர் விருப்பப்படி நடக்கும். வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது சும்மா கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

'10 விநாடி வரை போட்டால் பரவாயில்லை' என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது. 'எனக்குச் சொந்தமில்லை' என்று கீழே எழுதிவிட்டால் அனுமதி கிடைத்ததாகவும் ஆகாது.

பிறகு என்ன செய்வது? மூன்று வழிகள் சொல்கிறேன். ஒன்று, பாட்டுச் சேர்த்த வீடியோவை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுக் குடும்பத்தோடு பாருங்கள். இரண்டு, பொதுவில் ஏற்ற வேண்டும் என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் உள்ள 'ஆடியோ லைப்ரரி'யிலிருந்து இசையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள இசையைக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். சிலவற்றுக்கு இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். மூன்று, வீடியோவை வெளியிடும் முன் 'செக்ஸ்' என்ற கட்டத்தில் பதிப்புரிமைச் சோதனை முடியும் வரை காத்திருங்கள். பிரச்சினை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று உண்டு. அந்த வீடியோவில் பாட்டே சேர்க்காதீர்கள். நாதஸ்வரம், பாட்டியின் பேச்சு, குழந்தையின் சிரிப்பு என்று அன்று பதிவான ஒலியே இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது, சினிமாப் பாட்டை எங்கு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பாட்டியின் குரல் வேறெங்கும் கிடைக்காது.

இந்த மாதப் பயிற்சி

உங்களுக்குப் பிடித்த புதிய படம் ஒன்றில் பழைய பாட்டு வரும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பாட்டு தொடங்கும் விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சென்று, மூன்று முறை பாருங்கள். ஒரு முறை சாதாரணமாக, ஒரு முறை ஒலி இல்லாமல், ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு. பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பாட்டு எங்கிருந்து வருகிறது? யார் காதில் விழுகிறது? அது வருவதற்கு முன் எதற்காகக் காத்திருந்தோம்?

நான்காவது கேள்வியும் உண்டு. அந்தப் பாட்டை உருவாக்கியவர்கள் யார்? விடையைத் தேடி உங்கள் எக்ஸெல் பைலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது 'இது எந்தப் படத்துப் பாட்டு?' என்று கேட்டால், புதிய படத்தின் பெயரோடு பழைய படத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லலாம்.